மலையும் கரையும் - 9: கப்பல் இல்லாத அரசன்

மட்டக்களப்புக் கோட்டை விழ அரை நாள்கூட ஆகவில்லை. 1638 மே 18ஆம் திகதி ஒல்லாந்தரின் பீரங்கிகள் சுடத் தொடங்கின. புலியந்தீவில் பத்து வருடங்களுக்கு முன்னர் போர்த்துக்கேயர் எழுப்பிய மதில் அந்தக் குண்டுகளுக்கு முன் நிற்கவில்லை. அன்றைக்கே கோட்டை கைமாறியது. பெரிய வீரக்கதை எதுவும் அதில் கிடையாது. போர்த்துக்கேயர் பக்கம் எழுதியவர்களும் அதைப் பற்றி அதிகம் பேச விரும்பியதில்லை.

ஆகவே இந்த இதழில் அந்த அரை நாளை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் போன வருடங்களைப் பார்க்கப் போகிறோம். ஒரு கரையோரப் பட்டினத்துக்காக மூன்று படைகள் ஆயத்தமான கதை இது. மூன்றில் ஒன்றுக்குக் கப்பலே கிடையாது. கடலை எட்டிப் பார்க்கவே அது மலையிறங்கிப் பல நாள் நடக்க வேண்டும். ஆனால் போரைத் தொடக்கி வைத்தது அந்தப் படைதான். அதில் மாத்தளைக்கும் ஒரு பங்கு உண்டு. நம் ஊர் வரலாறு என்றால் 1848 கிளர்ச்சியோடு நின்றுவிடுகிறவர்கள், இருநூறு வருடம் பின்னால் போய் இந்தப் பங்கையும் பார்க்க வேண்டும்.

முதலில் உப்பு. கண்டி இராச்சியத்தில் நெல் விளைந்தது, பாக்கு விளைந்தது, யானை இருந்தது, தேன்மெழுகு இருந்தது. உப்பு மட்டும் இல்லை. கருவாடும் புடைவையும்கூடக் கரையிலிருந்துதான் மேலே ஏறிவர வேண்டும். பொதிமாடுகளை வரிசையாக ஓட்டிவரும் தவளக்காரர்கள் பாக்கையும் நெல்லையும் கீழே கொண்டுபோய் உப்பும் கருவாடும் ஏற்றி வருவார்கள். கிழக்கே இறங்க இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று மகியங்கனை வழியாக மட்டக்களப்புக்கு. மற்றது மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை, கந்தளாய் என்று இறங்கித் திருகோணமலைக்கும் கொட்டியாறுக்கும். இன்று பஸ்ஸில் நாலு மணி நேரத்தில் முடிகிற அந்த இரண்டாவது வழி, அன்றைக்கு மலைநாட்டின் தொண்டைக்குழி. (பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கிய நம் பாட்டன் பூட்டன்மார் தம்புள்ளைப் பக்கமிருந்து மாத்தளைக்கு நடந்து ஏறியதும் இந்த வழியின் மேற்பாதியில்தான். அந்தக் கதை பின்னொரு இதழில்.)

போர்த்துக்கேயருக்கு இது நன்றாகத் தெரியும். கொழும்பிலிருந்து மலையேறிக் கண்டியைப் பிடிக்கப் பலமுறை முயன்று பார்த்தார்கள், முடியவில்லை. மேலே ஏறிப் பிடிக்க முடியாத ஊரைக் கீழே நின்று நெரிக்கலாம் என்று தளபதி கொன்ஸ்தந்தீனு த சா முடிவு செய்தான். 1620களில் திருகோணமலையில் கோட்டை எழுந்தது. கோணேசர் கோயிலை இடித்த கல் அதற்குப் போனது. 1628இல் மட்டக்களப்பு வாவிக்குள் புலியந்தீவில் இன்னொரு கோட்டை. இரண்டு வாசலுக்கும் பூட்டு விழுந்தது. இதற்குச் சற்று முன்னர்தான் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்த முஸ்லிம் வணிகர்களை விரட்டியிருந்தார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களில் ஆயிரக்கணக்கானோரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். அவன் செய்தது கருணை மட்டுமல்ல, கணக்கும்தான் என்றே நினைக்கிறேன். கரையோரத்தைத் தன் ஆட்களால் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று அவன் எண்ணியிருக்க வேண்டும்.

கண்டியின் கப்பல் தேடல் இதற்கெல்லாம் முன்பே தொடங்கிவிட்டது. 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல்தலைவன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்கு நடந்துவந்தான். அதே சமயம் ஐரோப்பாவில் ஒஸ்தென்ட் என்ற கடற்கரைப் பட்டினத்தை ஸ்பானியப் படை முற்றுகையிட்டிருந்தது. 1601 ஜூலையில் தொடங்கிய அந்த முற்றுகை 1604 செப்டெம்பர் வரை, மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தது. கடல் திறந்திருந்ததால் கப்பலில் உணவும் ஆளும் மருந்தும் வந்துகொண்டே இருந்தன. அதனால்தான் பட்டினம் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது. கடல் கையிலிருக்கிற கோட்டையைத் தரைவழியாகப் பட்டினி போட முடியாது. இந்தப் பாடத்தை ஒல்லாந்தர் தங்கள் வீட்டு வாசலில் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டிலிருந்து வந்தவனிடம் அன்றைய கண்டி அரசன் விமலதர்மசூரியன், கோட்டை கட்ட வாருங்கள், நானும் என் மனைவி மக்களும் தோளில் கல் சுமந்து தருவோம் என்ற பொருளில் பேசியதாக ஸ்பில்பேர்கனின் பயணக் குறிப்பு சொல்கிறது.

அடுத்த வருடமே எல்லாம் கெட்டது. செபால்ட் த வேர்ட் என்ற அடுத்த ஒல்லாந்தத் தலைவன், பிடிபட்ட போர்த்துக்கேயரை விடுவித்ததால் அரசனின் சந்தேகத்துக்கு ஆளானான். மட்டக்களப்பில் நடந்த தகராறில் தோழர்களோடு வெட்டுப்பட்டு மாண்டான். பிறகு 1612இல் வந்தவன் போஸ்கௌவர். கண்டியில் பெரிய பட்டங்களோடு வாழ்ந்த அவன், உதவி தேடி ஐரோப்பாவுக்குப் போனான். ஒல்லாந்தரும் ஸ்பெயினும் 1609இல் பன்னிரண்டு வருடப் போர்நிறுத்தத்துக்கு உடன்பட்டிருந்ததால் அங்கே அவன் பேச்சு எடுபடவில்லை. டென்மார்க் அரசனிடம் போனான். டேனிஷ் கப்பல்கள் புறப்பட்டன. போஸ்கௌவர் வழியிலேயே இறந்தான். 1620இல் திருகோணமலைக்கு வந்து சேர்ந்த கப்பல்களுக்கும் கண்டிக்கும் ஒத்துப்போகவில்லை. டேனியர் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் பெற்ற தரங்கம்பாடியோடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு, அந்தக் கப்பல்கள் கண்டி அரசனை நம்பி வந்தவை என்று தெரியும்?

சரி, ஏன் இந்தத் தேடல்? மலைநாட்டுப் படைக்குத் தனியே வெல்லத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1630 ஆகஸ்டில் ஊவாவிலிருந்து திரும்பிய கொன்ஸ்தந்தீனு த சாவின் படையை ரந்தெனிவெலையில் மடக்கி அழித்தது அந்தப் படைதான். தளபதியும் மடிந்தான். அவன் நம்பியிருந்த சிங்கள முதலிகள் நடுப்போரில் கண்டிப் பக்கம் தாவியதே முடிவைத் தீர்மானித்தது. கண்டிப் படை அந்த வேகத்திலேயே கொழும்பைப் போய் வளைத்தது. அங்கே நின்றது வெற்றி. கடல்வழியே கொழும்புக்கு உதவி வந்தது, மதில் அசையவில்லை, வளைத்தவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று சும்மா சொல்லவில்லை. கண்டிப் படை எப்படித் திரட்டப்பட்டது என்பதில் இதற்கு விடை இருக்கிறது. கூலிக்கு எடுத்த நிரந்தரப் படை அங்கே சிறியது. பெரும்பகுதி இராஜகாரியம்: காணி வைத்திருப்பவன் அதற்கு ஈடாக அரசனுக்குச் சேவை செய்ய வேண்டும், போர் வந்தால் ஆயுதத்தோடு வர வேண்டும். மாகாணத் தலைவனான திசாவை பறையறைந்து அழைத்தால் கிராமம் கிராமமாக ஆட்கள் புறப்படுவார்கள். அரிசி அவரவர் மூட்டையில். கூடாரம் தாளிப்பனை ஓலை. மடித்தால் விசிறி அளவுக்கு ஒடுங்கும் அந்த ஓலையை விரித்தால் ஒருவன் மழைக்கு ஒதுங்கலாம்; சிலருடையதைச் சேர்த்துக் கட்டினால் இரவுக் கொட்டில். 1660இல் கொட்டியாறில் பிடிபட்டு ஏறத்தாழ இருபது வருடம் மலைநாட்டில் இருந்த ஆங்கிலேயன் ரொபர்ட் நொக்ஸ் இதையெல்லாம் கவனமாக எழுதி வைத்திருக்கிறான். மூட்டை அரிசி தீர்ந்ததும் ஆள் ஊருக்குப் போய் மறுபடி எடுத்துவர வேண்டும், ஆகவே ஒரு மாதம் போனால் படையில் பெரும்பகுதி எப்போதும் இல்லாமலே இருக்கும் என்பது அவனுடைய அவதானிப்பு.

இதை வைத்துக்கொண்டு முற்றுகையை நினைத்துப் பாருங்கள். ஒடுக்கமான கணவாயில் மரத்தை வெட்டிச் சாய்த்து, முட்கடவை போட்டு மறித்து, இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் அம்பும் துவக்குமாகத் தாக்க இதைவிடச் சிறந்த படை கிடையாது. அது இரண்டு மூன்று நாள் வேலை. ஆனால் மதிலுக்கு வெளியே மாதக்கணக்கில் குந்தியிருக்க இந்தப் படையால் ஆகாது. சமதரையில் மதிலை உடைக்கப் பெரிய பீரங்கி வேண்டும். மலைப்பாதையில் அதை இழுக்க முடியாது. கண்டியில் துவக்கு செய்யும் கம்மாளர்கள் கெட்டிக்காரர்கள். போர்த்துக்கேயரே அவர்கள் வேலையை மெச்சினார்கள். மருந்துக்கு வேண்டிய வெடியுப்பை மலைநாட்டுக் குகைகளிலிருந்தே எடுத்தார்கள். வௌவால் எச்சம் ஊறிய மண்ணையும் பொடித்த பாறையையும் மரச்சாம்பலோடு கலந்து, தண்ணீர் விட்டு வடித்து, காய்ச்சி எடுக்கிற அந்த வேலையைத் தும்பறைப் பக்கத்துக் குகை ஒன்றில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோன் டேவி என்ற ஆங்கில மருத்துவர் நேரில் பார்த்து எழுதினார். துவக்கு இருந்தது, மருந்து இருந்தது, ஆள் இருந்தது. மதிலுடைக்கும் பீரங்கியும் கடலை அடைக்கும் கப்பலும் இல்லை. இந்த இரண்டையும் வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும்.

வாங்க முனைந்தவன் இரண்டாம் இராஜசிங்கன். செனரத் தன் கடைசிக் காலத்தில் நாட்டை மூன்று இளவரசர்களுக்குப் பிரித்துக் கொடுத்தான். ஓலையில் நாடுகளின் பெயரை எழுதி, தந்ததாதுவின் முன்வைத்து, சீட்டெடுத்ததாக மகாவம்சம் சொல்கிறது. குமாரசிங்கனுக்கு ஊவா வந்தது. விஜயபாலனுக்கு மாத்தளை வந்தது. வயதில் இளையவனான இராஜசிங்கன் கைக்குக் கண்டியும் அதைச் சூழ்ந்த நாடும் போய்ச் சேர்ந்தன. சீட்டு அவ்வளவு நேர்மையாக விழுந்ததா என்று நான் சந்தேகப்படுவதுண்டு. இளவரசர்களில் யார் அரசாள வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட அரசனுக்குத் தெய்வத்தின் கையைக் காட்டுவது வசதியான வழி. எப்படியோ, மூத்தவர்கள் இருவரும் இளையவனுக்குக் கீழே உட்கார வேண்டியதாயிற்று.

விஜயபாலன் மாத்தளையில் கொடப்பொலையில் மாளிகை வைத்து ஆண்டான். கையளவு நிலம் என்று எண்ண வேண்டாம். பிற்காலக் கண்டி ஆட்சியில் மாத்தளைத் திசாவை நான்கு பெரிய திசாவைகளில் ஒன்று. வடக்கே தம்புள்ளையைத் தாண்டிப் போகும் பாதை அவன் கையில். அதாவது திருகோணமலை வாசலின் உட்பக்கத் திறப்பு அவன் இடுப்பில். மூன்று இளவரசர்களும் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் போர்த்துக்கேய மொழி கற்றவர்கள். இராஜசிங்கன் அந்த மொழியைப் பகைவனுக்கு எதிராகக் கடிதமெழுதப் பயன்படுத்தினான். விஜயபாலனுக்கு அந்த மொழி பேசுகிறவர்கள்மேலேயே ஒரு மயக்கம் இருந்தது. இந்த வேறுபாடு 1638இல் வெளியே தெரியவில்லை.

1635இல் செனரத் இறந்தான். அடுத்த வருடம் செப்டெம்பரில் இராஜசிங்கன் ஒரு கடிதம் எழுதினான். பழவேற்காட்டில் சோழமண்டலக் கரைக்கு ஆளுநராக இருந்த ஒல்லாந்தன் கரெல் ரெய்னியர்சுக்கு. கடிதத்தைக் கொண்டுபோனவர் ஒரு பிராமணர். யாழ்ப்பாணம் 1619 முதல் போர்த்துக்கேயர் வசம் இருந்தது. அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவிக் கடல் கடக்கத் தோணி கிடைக்காமல் அந்தத் தூதர் பல மாதம் யாழ்ப்பாணத்திலேயே காத்துக் கிடந்தார். பெயர் எதிலும் நிலைக்காத அந்த மனிதரை நினைத்தால் எனக்கு வியப்புத்தான். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். கடிதம் போகாவிட்டால் மட்டக்களப்புப் போரே இல்லை.

கடிதம் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பத்தாவியாவில் அந்தோனி வான் டீமன் 1636இல் ஒல்லாந்தக் கம்பனியின் தலைமை ஆளுநராகியிருந்தான். அவனுக்குக் கறுவா வேண்டும். உலகத்தின் நல்ல கறுவா இலங்கையில். அது முழுவதும் போர்த்துக்கேயர் கையில். அவர்களோ 1580 முதல் ஸ்பானிய முடிக்குக் கீழ். ஸ்பெயினோடு ஒல்லாந்தர் ஐரோப்பாவில் எண்பது வருடப் போரில் இருந்தார்கள். 1637இல் பிரேடா நகரை முற்றுகையிட்டு மீட்டதும் அந்தப் போரில்தான். பிரேடாவுக்கு வெளியே தோண்டிய அகழியும் மட்டக்களப்புக்குக் குறிவைத்த பீரங்கியும் ஒரே சண்டையின் இரண்டு முனைகள். வான் டீமன் ஒவ்வொரு வருடமும் கோவாவின் துறைமுக வாயிலை அடைக்கக் கப்பற்படை அனுப்பத் தொடங்கியிருந்தான். அப்படி வந்த அட்மிரல் ஆதம் வெஸ்டர்வோல்டிடம்தான் இலங்கை வேலையும் ஒப்படைக்கப்பட்டது. 1637இல் ஒல்லாந்தத் தூதுவர் இருவர் கண்டிக்கு வந்து பேசினார்கள். 1638 ஜனவரி 4ஆம் திகதி கோவாவின் முன்னால் பெரிய கடற்போர் நடந்தது. அதன்பிறகு போர்த்துக்கேயர் இலங்கைக்கு உதவி அனுப்புவது கடினமாயிற்று.

காற்றைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மழைக்காலமாகிய கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று கிழக்குக் கரையை அடித்து நொறுக்கும். மட்டக்களப்பு மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சித்திரை பிறந்தால் அந்தக் கடல் அடங்கிவிடும். மேற்குக் கரையிலோ நிலைமை தலைகீழ்: வைகாசியில் தென்மேற்குக் காற்று எழும்பினால் கோவா முன்னால் கப்பல் நிறுத்த முடியாது. ஆக, கோவா அடைப்பை முடித்துக்கொண்டு கிளம்புகிற கப்பல்களுக்குப் போக வசதியான இடமாகக் கிழக்கிலங்கை அமைந்தது. போர்த் திட்டத்தைப் போட்டதில் பாதி காற்றின் கை.

கொழும்பில் இருந்த போர்த்துக்கேயத் தளபதி தியோகு த மெலு த காஸ்ட்ரோவுக்குக் கண்டி ஒல்லாந்தரோடு பேசுவது தெரிந்துவிட்டது. கப்பல் வருமுன் கண்டியை முடித்துவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் வெளியே சொல்லப்பட்ட காரணம் வேறு. அரசன் ஒரு போர்த்துக்கேய வணிகனுக்கு யானை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தான். தளபதி அதைப் பறித்துக்கொண்டான். பிறகு தளபதியின் இரண்டு குதிரைகள் விற்பனைக்காகக் கண்டிக்கு வந்தபோது, யானையைத் திருப்பிக் கொடுத்தால்தான் குதிரை என்று அரசன் பிடித்து வைத்துக்கொண்டான். ஒரு யானைக்கும் இரண்டு குதிரைக்கும் போரா என்று சிரிக்கலாம். இரண்டு பக்கமும் சண்டைக்கு ஆயத்தமாக இருக்கும்போது சாக்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போதும்.

பெரிய படையோடு மலையேறிய த மெலு, பலனக் கணவாயைத் தாண்டிக் கண்டிக்குள் நுழைந்தபோது ஊரில் ஆள் இல்லை. அரசன் வழக்கம்போல நகரத்தைக் காலி செய்துவிட்டு விலகியிருந்தான். வெறும் நகரத்துக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பும் வழியில்தான் பொறி. பாதைகள் மரம் சாய்த்து அடைக்கப்பட்டிருந்தன. இன்றைய பேராதனைக்கு எதிர்க்கரையில், மகாவலியை ஒட்டிய கன்னொருவையில் படை மடங்கி நின்றது. இராஜசிங்கனோடு சேர்ந்து வளைத்தவர்களில் மாத்தளைப் படையும் இருந்தது. விஜயபாலன் அதை நடத்தி வந்திருந்தான். போர்த்துக்கேயரோடு வந்த லஸ்கரின்கள், உள்ளூர்ச் சிப்பாய்கள், பக்கம் மாறினார்கள். 1638 மார்ச் 28, கத்தோலிக்கர்களுக்குக் குருத்தோலை ஞாயிறு. அன்று தளபதி உட்பட ஏறக்குறைய எல்லாப் போர்த்துக்கேயரும் மடிந்தார்கள். பிழைத்தவர்களைச் சில பத்துக்குள் எண்ணிவிடலாம்.

கன்னொருவையைக் கண்டி அரசின் மிகப் பெரிய வெற்றியாக எழுதுவது வழக்கம். என் பார்வையில் அது மட்டக்களப்புப் போரின் முதல் பாதி. கொழும்பில் மிச்சமிருந்தவர்கள் தங்கள் மதிலைக் காப்பதே பெரிய பாடு. கிழக்குக் கரைக்கு ஆளனுப்ப யாரும் இல்லை. ஐந்தே நாளில், ஏப்ரல் 2ஆம் திகதி, ஒல்லாந்தத் தலைவன் வில்லெம் கொஸ்டர் மூன்று கப்பல்களோடு மட்டக்களப்புக்கு முன்னால் நங்கூரம் போட்டான். கன்னொருவைச் செய்தி அவனுக்கு முன்பே தெரிந்திருக்க வழியில்லை. இரண்டு ஏற்பாடுகளும் தனித்தனியே நடந்து ஒரே வாரத்தில் வந்து பொருந்தின.

கொஸ்டரிடம் கோட்டையைப் பிடிக்கும் பலம் இல்லை. அவன் வேலை கடலை அடைப்பது. மட்டக்களப்பு வாவியின் வாயில் மணல்திட்டு. பெரிய கப்பல் உள்ளே போகாது. கோட்டைக்குப் போகும் எதுவும் படகில்தான் போக வேண்டும். படகை மறிக்க மூன்று கப்பல் போதும். அரசன் மகியங்கனை வழியாக மலையிறங்கினான். கரையோர வன்னிமைகளும் குடிமக்களும் யாருக்கு அரிசியும் தோணியும் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் அது. கன்னொருவைக்குப் பிறகு அந்த முடிவு கடினமாக இருந்திருக்காது. மே 10ஆம் திகதி வெஸ்டர்வோல்ட் மற்றக் கப்பல்களோடு வந்து சேர்ந்தான். பீரங்கிகளைத் தோணியில் இறக்கி, கரையில் மண்மேடு கட்டி, கோட்டையைப் பார்த்து நிறுத்தினார்கள். தரைப்பக்கத்தை அரசனின் ஆட்கள் மூடிக்கொண்டார்கள். அரிசி மூட்டை தீரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கொழும்பு முற்றுகையில் கிடைக்காதது இங்கே கிடைத்தது. உள்ளே சிறிய காவற்படை. கடலில் உதவி இல்லை, தரையில் உதவி இல்லை. மிச்சத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

போர் முடிந்து ஐந்தாம் நாள், மே 23ஆம் திகதி, ஒப்பந்தம். இதை வெற்றிக்குப் பிந்திய சடங்கு என்று கடந்து போய்விடக்கூடாது. கப்பலுக்கும் சிப்பாய்க்கும் குண்டுக்கும் ஆன செலவை அரசன் கறுவாவாகவும் மிளகாகவும் மெழுகாகவும் கட்ட வேண்டும். யானை தவிர நாட்டின் வணிகம் கம்பனிக்கு. கத்தோலிக்கத் துறவிகளுக்கு நாட்டில் இடமில்லை. பிடிக்கிற கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை இருக்கும். இந்தக் கடைசி ஏற்பாட்டில்தான் வில்லங்கம். அரசன் கையிலிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில், அரசன் விரும்பினால் மட்டுமே காவற்படை என்ற நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தர் வைத்துக்கொண்ட பிரதியில் அது இல்லை. எழுத்தர் பிழை என்று ஒதுக்குவதற்கு அந்தச் சொற்கள் மிகவும் விலையுயர்ந்தவை. வெஸ்டர்வோல்ட் தெரிந்தே செய்தான் என்பதே என் முடிவு.

முதல் தவணையாகக் கறுவாவும் மெழுகும் மிளகும் கப்பலேறின. 1639 மே மாதத் தொடக்கத்தில் ஒல்லாந்தத் தளபதி அந்தோனி கானின் படை திருகோணமலையைப் பிடித்தது. 1640 பெப்ரவரியில் நீர்கொழும்பு, மார்ச் 13ஆம் திகதி கடும் சண்டைக்குப் பிறகு காலி. கிழக்குக் கோட்டைகளைச் சில வருடங்களில் ஒல்லாந்தர் அரசனிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே கறுவா இல்லை. காலியைச் சுற்றிக் கறுவா உண்டு. ஆகவே கடன் தீரும்வரை காலி எங்கள் கையில் என்றார்கள். செலவுக் கணக்கை எழுதுகிறவர்களும் அவர்களே என்பதால் கடன் தீரவே இல்லை. அரசன் இதைப் புரிந்துகொண்ட வேகம் கொஸ்டருக்குத் தெரிந்திருக்கும். பாக்கியைக் கேட்டுக் கடுமையாகப் பேசிவிட்டுக் கண்டியிலிருந்து கிழக்குக்கரைக்குத் திரும்பும் வழியில், 1640 ஆகஸ்டில், கூடவந்த அரசனின் ஆட்களே அவனைக் கொன்றார்கள்.

மாத்தளைக்கு வருவோம். குமாரசிங்கன் இறந்ததும் ஊவாவை இராஜசிங்கன் தன்னோடு சேர்த்துக்கொண்டான், விஜயபாலனோடு பங்கிடவில்லை. சீட்டெடுத்த நாளிலிருந்து புகைந்த மனத்தாங்கல் எரியத் தொடங்கியது. கன்னொருவையில் போர்த்துக்கேயரைச் சூழ்ந்து நின்றவன், மூன்று வருடம் கழித்து அதே போர்த்துக்கேயருக்குக் கடிதம் எழுதினான், தம்பிக்கு எதிராக உதவி கேட்டு. அந்தக் கடிதங்களில் அவன் தன்னைப் பழக்கத்தால் போர்த்துக்கேயனாகவே காட்டிக்கொள்கிறான். 1927இல் பி. ஈ. பீரிஸ் இவனைப் பற்றித் தனி நூலே எழுதினார். மாத்தளைக்காரர்கள் தேடிப் படிக்க வேண்டிய புத்தகம். கிளர்ச்சி தோற்றது. மாத்தளை மக்களில் அவனோடு நின்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. இராஜசிங்கன் மன்னிக்கிற வகையைச் சேர்ந்தவன் அல்ல. விஜயபாலன் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்து, கோவாவுக்கு அனுப்பப்பட்டு, கிறித்தவனாகி, 1654இல் அங்கேயே இறந்தான்.

போர்த்துக்கேயர் அவனுக்குப் படை கொடுக்கவில்லை. கொடுக்க அவர்களிடம் இருக்கவும் இல்லை. மரியாதையும் படிச்செலவும் கொடுத்து வைத்திருந்தார்கள். கண்டி அரியணைக்கு உரிமையுள்ள ஒருவன் கையில் இருந்தால் என்றைக்காவது பேரம் பேச உதவும் என்ற எண்ணம். இராஜசிங்கன் மாத்தளையை நேரடியாகத் தன் திசாவைகளின் கீழ் எடுத்துக்கொண்டான். வடக்கு வாசலின் திறப்பு மறுபடி கண்டியின் கைக்கு வந்தது. 1655இல் கொழும்பை வளைக்க அவன் மீண்டும் ஒல்லாந்தரோடு சேர்ந்தபோது, பின்பக்கம் பார்க்க வேண்டிய அண்ணன் யாரும் மலையில் இல்லை.

(தொடரும்)